பிரிசி அக்காவின் அளவு ஜாக்கெட்

இரும்புக் குண்டுக்கு ஒரு வாசம் உண்டு. வெயிலில் கிடந்த இரும்பும் மண்ணும் உள்ளங்கை வியர்வையும் கலந்த அந்த வாசம், குண்டைத் தூக்கித் தாடைக்குக் கீழே கழுத்தோடு வைத்து அழுத்தும்போது மூக்கில் ஏறும். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கழுத்தில் ஒரு கறுப்புத் தடம் மிச்சமிருக்கும், அதைப் பார்த்து அம்மா, "பொம்பளப் பிள்ளை கழுத்தாட்டி இது, வண்டிமாட்டுக் கழுத்துல்லா" என்பாள். பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு படித்த அந்த வருடம், குண்டு எறிதலில் எங்கள் பள்ளியிலேயே நான்தான் முதல் ஆள். அந்த விளையாட்டின் பெயரையும் என் உடம்பையும் சேர்த்துத் தெருப் பையன்கள் செய்த கேலியை இங்கே எழுதப்போவதில்லை. நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், அலுத்துப்போன கேலி அது.

நான் பெரிய உடம்புக்காரி. அகலமான தோள், கனத்த கை, ஊன்றி நிற்கிற கால். சுண்ணாம்பால் போட்ட அந்த வட்டத்துக்குள் நிற்கும்போது மட்டும்தான் அது சரியான உடம்பு. வெளியே வந்தால் எல்லோருக்கும் அது ஒரு குறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்றால், வருகிற மாமிகள் அம்மாவுக்கு "ஸ்தோத்திரம்" சொல்லி வாயை மூடுமுன்பே கண்ணை என் பக்கம் திருப்பி, "என்ன டீச்சர், பிள்ளைக்கு உரம் கிரம் போடுதியளா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்னோடு பேச மாட்டாள்.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. "சரிவிகித உணவு" என்று கரும்பலகையில் எழுதி, முட்டையும் பாலும் கீரையும் கலர் சாக்பீஸில் வரைந்து, வளரும் பிள்ளைகள் இதையெல்லாம் தினமும் சாப்பிட வேண்டும் என்று ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். அந்த அம்மாதான் வீட்டில் என் தம்பி தட்டில் இரண்டு முட்டையை வைத்துவிட்டு என் தட்டைத் தாண்டிப் போவாள். கேட்டால், "அவன் வளருத பையன்லா" என்பாள். நான் மட்டும் என்ன, தேய்ந்துகொண்டா இருந்தேன்? அவன் சாயங்காலம் முழுக்க டிவி முன்னால் படுத்துக் கிடப்பான். நான் மைதானத்தில் கையும் தோளும் கழன்று விழுகிற வரைக்கும் எறிந்துவிட்டு, பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் கடலைமிட்டாய் வாங்கித் தின்றுகொண்டே நடந்து வருவேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருடம்தான் எனக்குத் திடப்படுத்தலும் வந்தது, வளர்ந்த பிள்ளைகளின் தலையில் பேராயர் கைவைத்து ஜெபித்துச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற சடங்கு. எங்கள் சபையில் பெண் பிள்ளைகள் அன்றைக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, வரிசையாகப் போய்ப் பேராயர் முன்னால் முழங்கால்படியிட வேண்டும். ஜாக்கெட் தைக்க வேண்டும் அல்லவா? எங்கள் பக்கம் டெய்லரிடம் ஆளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை "அளவு ஜாக்கெட்" என்று கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். எனக்கு அதுவரை ஜாக்கெட்டே கிடையாது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பெரியம்மா மகள் பிரிசில்லா அக்காவின் ஜாக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டாள். பிரிசி அக்கா காற்றடித்தால் கொடியில் போய்த் தொங்குகிற ஆள்.

தைத்து வந்ததை மாட்டிப் பார்த்தால், கை முழங்கைக்கு மேலே ஏற மறுத்தது. பிரித்து விடலாம் என்றேன். "பிரிச்சா தையல் தடம் தெரியும்ட்டி. மூணு வாரம் கெடக்குல்லா, அதுக்குள்ள உடம்பை இறக்கிரலாம்" என்றாள் அம்மா, ஏதோ பரணிலிருந்து பானையை இறக்குகிற மாதிரி. ஒரு துணிக்காகப் பிள்ளையைச் சின்னதாக்க முடிவு செய்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

ராத்திரிச் சோறு நின்றது. காலையில் ஒரே ஒரு தோசை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் எனக்குக் குழம்பு மட்டும். அம்மா கெட்டவள் இல்லை. வாராவாரம் கோயில் வாசலில் பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துச் சமாளித்தவள் அவள்தான், அந்தச் சிரிப்பு அவளுக்கும் வலித்திருக்கும். ஆனால் அதற்குப் பசித்தது எனக்கல்லவா? அதே மூன்று வாரத்துக்குள் மண்டலப் போட்டியும் வந்தது. அதில் முதல் இரண்டு பேருக்கு மாநிலப் போட்டி. அங்கே போக வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை. சாயங்காலம் எறியப் போனால் குண்டு தினமும் கொஞ்சம் பக்கத்தில் வந்து விழுந்தது. பி.டி. டீச்சர், "என்னட்டி, வீட்டுல சோறு போடலையா?" என்று விளையாட்டாகக் கேட்டார். போடவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நானே ஒரு டீச்சர் மகளாயிற்றே.

போட்டி நாளன்று காலையில் அம்மா எனக்கு ஒரு இட்லி வைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். "பந்தயத்துக்குப் போறவ வயித்தை நெறைச்சுட்டா போவா?" நான் ஓடப் போகவில்லை அம்மா, எறியப் போகிறேன் என்று சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மைதானத்தில் சாத்தான்குளத்திலிருந்து வந்த ஒரு பெண் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பெரிய உடம்பு. பக்கத்தில் அவள் அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவித்த முட்டையை உரித்து உரித்துக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். "பைய மென்னு தின்னு தாயி, இன்னும் நேரம் கெடக்கு." நான் எறிகிற இடத்தைப் பார்க்காமல் அந்தத் தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கடைசி எறிதலில் வட்டத்துக்குள் ஊன்றிய கால் நடுங்கியது, கண் ஒரு கணம் இருட்டியது, குண்டு போய் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. டேப் வைத்து அளந்தார்கள். அந்தப் பெண் இரண்டாவது, நான் மூன்றாவது. இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. நல்ல நாளில் நான் அதைத் தாண்டி ஒரு முழம் எறிகிறவள்.

மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேகவைத்த பனங்கிழங்கு ஒன்றை இரண்டாக ஒடித்து நீட்டினாள். "இந்தா, தின்னு. நீ காலையில ஒண்ணும் திங்கலைல்லா? கால் ஆடுச்சே, பாத்தேன்." வாங்கித் தின்றேன். தின்னத் தின்ன அழுகை வந்தது. அழுதுகொண்டே நார் உரித்துத் தின்று முடித்தேன்.

திடப்படுத்தலுக்கு முந்தின நாள் ஜாக்கெட்டை மறுபடி மாட்டிப் பார்த்தோம். கன்னம் ஒட்டியிருந்தது, இடுப்புப் பாவாடை தளர்ந்திருந்தது, தோளும் கையும் அப்படியேதான் இருந்தன. எலும்பையா இறக்க முடியும்? அம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்து, அக்குளில் ஒரு வெள்ளைத் துணித் துண்டை வைத்து, எங்கள் வீட்டு மிஷினிலேயே அடித்து முடித்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மேலே சேலை மறைத்தது. தையல் தடம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், கத்திக் கேட்டிருக்க வேண்டும்.

நான் எறிந்து பழகிய பள்ளி மைதானத்தில் இன்று வகுப்பறைக் கட்டிடம் நிற்கிறது. கோயில் வாசலில் இப்போது உரம் என்று யாரும் கேட்பதில்லை, "ஜிம்முக்குப் போலாம்லா" என்கிறார்கள். எங்கள் தெருவில் கைப்பந்து விளையாடுகிற பெண் பிள்ளைகளோ செல்போனைப் பார்த்துத் தாங்களாகவே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள். நான் சாப்பிடச் சொன்னால், "ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாது" என்று போய்விடுகிறார்கள்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவளைத் தூக்கி வைப்பது நான்தான். தம்பிக்கு முதுகுவலி. போன வாரம் அப்படித் தூக்கும்போது, என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, பெருத்துட்டே போறியே, ராத்திரிச் சோத்தைக் குறை" என்றாள். நான் அவளைப் பைய இறக்கி, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து அவள் கண் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் அந்தப் பதினைந்து வயதுப் பெண் எவ்வளவு தூரம் எறிந்திருப்பாள் என்பதை மட்டும் இனி எந்த டேப்பாலும் அளக்க முடியாது.