சந்தைக்குப் போன டெஸ்ட் டோக்கன்

சந்தேகப்படுவதற்கென்று ஒரு உத்தியோகம் இருந்தால் கோகிலவாணியை அதில் மேனேஜராகவே உட்கார வைக்கலாம். பூட்டிய வீட்டை இழுத்துப் பார்ப்பாள், படி இறங்குவாள், திரும்ப ஏறி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். புருஷன் குரு வண்டியை அணைத்துவிட்டு போனை நோண்டிக்கொண்டிருப்பான். பழகிவிட்டது, பாவம்.

தருமபுரியில் ஒரு மாடி அறையில் நடக்கும் சின்ன கம்பெனியில் அவள் ஜாவா புரோகிராமர். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு தனியார் தக்காளி மண்டிக்கு அவர்கள் எழுதிய வெப் அப்ளிகேஷன் ஓடுகிறது. யார் என்றைக்கு லோடு கொண்டுவர வேண்டும் என்று விவசாயிகளின் போனுக்கு டோக்கன் அனுப்பும். புரோகிராம் ஒன்றுதான், அது பேசுகிற டேட்டாபேஸ்தான் இரண்டு: டெஸ்ட், லைவ். டெஸ்ட்டில் இருப்பது பொம்மை விவசாயிகள். போன் நம்பரெல்லாம் ஆபீஸ்காரர்களுடையது. லைவில் இருப்பது ரத்தமும் சதையுமான மனிதர்கள். புரோகிராமை ஓடுகிற வடிவத்துக்குக் கட்டி எடுப்பதுதான் பில்டு. அதைப் போடும்போது டெஸ்ட்டா, லைவா என்று சொன்னால் போதும், அதற்குரிய முகவரியும் பாஸ்வேர்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன் ஜாவீத். கெட்டிக்காரன், அதிகம் பேசமாட்டான். ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அவன் ஓசூர் பஸ் ஏறியதைக் கோகிலவாணி பார்த்துவிட்டாள். மறுநாள் கேட்டதற்கு மாமா வீட்டுக்குப் போனேன் என்றான்.

"மாமா வூட்டுக்குப் போறதுக்கு இவ்ளோ மடிப்பா?" என்று சிரித்தாளே தவிர, மனசு சிரிக்கவில்லை. இன்டர்வியூதான், வேறென்ன? போகிறவன் சும்மா போவானா? லைவ் முகவரியும் பாஸ்வேர்டுமோ எல்லோரும் திறக்கிற பொது ஃபைலில் பப்பரப்பே என்று கிடந்தன. அன்றே அவற்றைப் பிடுங்கி, தன் கம்ப்யூட்டரின் சொந்த செட்டிங்ஸில் ஒளித்து வைத்தாள். எப்போதும் அவையே அமலில் இருக்கும்படி ஒரு வரியும் சேர்த்தாள். இனி பில்டு என்றால் என் மெஷினில்தான் என்று சட்டமும் போட்டாகிவிட்டது.

அடுத்த வாரக் கடைசியில் கம்பைநல்லூரில் நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்து. அவள் லீவு. புதிய டோக்கன் திரையைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் போனில் அவளிடம் கேட்டுக்கொண்டு ஜாவீத் அவள் மெஷினில் உட்கார்ந்தான். டெஸ்ட் என்று கொடுத்து பில்டு போட்டான். விளையாட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டு டோக்கன் அனுப்பிப் பார்த்தான். ஆபீஸ் போன் ஒன்றுகூடச் சிணுங்கவில்லை. எஸ்எம்எஸ் தாமதம் போல என்று விட்டுவிட்டான்.

ஞாயிறு மண்டிக்கு விடுமுறை. காலையில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் தக்காளி டெம்போக்கள் வரிசை கட்டி நின்றன. ராவோடு ராவாகப் பறித்த பழம், வெயில் ஏற ஏறக் கசிய ஆரம்பித்தது. ஜனங்கள் விட்ட சாபம் கம்பெனி முதலாளி மாதவராஜின் காதுவரை வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை மாதவராஜ் இருவரையும் கூப்பிட்டார்.

"டெஸ்ட்டுன்னுதான் சார் குடுத்தேன்," என்றான் ஜாவீத். "அது எப்புடி லைவுக்குப் போச்சுன்னா, அக்காவோட..."

"கதை விடாத ஜாவீத்!" கோகிலவாணி பாய்ந்தாள். "ஓசூருக்குப் போறவன் போய்த் தொலைய வேண்டியதுதான? போற போக்குல எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போடணுமா?"

ஜாவீத் அவளையே பார்த்தான். சொல்ல வந்ததை அத்தோடு விட்டுவிட்டான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மாதவராஜ். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அந்த வாரமே கோகிலவாணி, செட்டிங்ஸை மாற்றியபின் முதல்முறையாக, டெஸ்ட்டுக்கு ஒரு பில்டு போட்டாள். போட்டதை எப்போதும்போல் திறந்து பார்த்தாள். உள்ளே லைவ் முகவரி! மறுபடி போட்டாள். மறுபடியும் லைவ். தன் செட்டிங்ஸைத் திறந்தாள். டெஸ்ட் என்று எத்தனை முறை கத்திச் சொன்னாலும், அவள் செட்டிங்ஸில் எழுதிய அந்த ஒரு வரி அதைத் தள்ளிவிட்டு லைவைக் கொண்டுவந்து வைக்கிறது. அப்போதும் புத்தி போகவில்லை பாருங்கள்: ஜாவீத்தான் இதையும் மாற்றி வைத்திருப்பானோ என்று ஃபைலின் தேதியைப் பார்த்தாள். அவள் எழுதிய நாளுக்கு அப்புறம் யாரும் தொடவில்லை.

மாதவராஜிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் கூப்ட்டா போனே எடுக்கமாட்டேங்கறாம்மா. நீயே போய்க் கூட்டிட்டு வா."

அவன் வீட்டுக்குப் போனாள். ஜாவீத் வாசலுக்கு வந்து, "உள்ள வாங்க அக்கா," என்றான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "மன்னிச்சுருப்பா, நாளைக்கே வந்துரு," என்றாள்.

"தெரியுங்க்கா. மீட்டிங்குக்கு முன்னாடியே உங்க செட்டிங்ஸத் தெறந்து பார்த்துட்டேன்."

"அப்ப அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, நாந்தான் உங்க செட்டிங்ஸ மாத்தி வெச்சேன்னு சொல்லியிருக்க மாட்டீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் அவன் வந்துவிடுவான் போலிருந்தது.

"சொல்லியிருப்பேன்," என்றாள்.

"அதாங்க்கா வரல," என்றான் ஜாவீத்.