‘இழுக்குதில்ல’ என்றால் என்ன?

போன கிழமை என் தங்கை வதனியின் படகு வாவி நடுவில் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால்... என்ஜின் நிற்கவில்லை. அது ஊரையே எழுப்புகிற சத்தத்தோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. படகு மட்டும் அசைய மாட்டேன் என்றது.

படகில் நானும் இருந்தேன். கூடவே தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கிற கண்டல் காட்டுப் பக்கம் கொக்குப் பார்க்கவென்று கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம். நாங்கள் கொக்குகளைப் பார்க்கவில்லை. கொக்குகள் எங்களைப் பார்த்தன.

கடைசியில் பக்கத்தில் வலை கட்டிக்கொண்டிருந்த யோகன் என்பவர்தான் தன் தோணியில் கயிறு கட்டி, மூச்சு வாங்க வாங்கக் கம்பூன்றி எங்களைக் கரை சேர்த்தார். இந்த யோகனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வதனிக்கு இவர் ரொம்ப முக்கியமான ஆள்.

ஏன் என்று சொல்கிறேன்.

வதனியின் படகு ஒரு பழைய ஜெட் படகு. யாரோ ஒரு ஹோட்டல்காரர் ஓட்டிக் களைத்துக் கைவிட்டதை அவள் வாங்கினாள். மற்றப் படகுகளுக்கு விசிறி பின்னால் தண்ணீருக்குள் சுற்றும். இதற்கு வெளியே விசிறி கிடையாது. அடியில் இருக்கிற ஒரு வாயால் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கத்தால் பீய்ச்சியடித்து, அந்த வேகத்தில் ஓடும். ஆழமில்லாத இடத்திலும் போகும். வலை இருக்கிற இடத்தில் என்ஜினை அடக்கிவிட்டால் மேலாலேயே சறுக்கிக்கொண்டு போய்விடும்.

வாவியில் வலை கட்டுகிறவர்களுக்கும் சுற்றுலாப் படகுகளுக்கும் ஆகாது. ஆகுமா? ராத்திரி கண் விழித்துக் கட்டிய வலையை ஒரு விசிறி நாலு துண்டாக்கிவிட்டுப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? கண்டல் பக்கம் எந்தச் சுற்றுலாப் படகையும் யோகனும் அவர் ஆட்களும் விடுவதில்லை. வதனி மட்டும் துறைக்குப் போய் அவர்கள் முன்னால் நின்று சொன்னாள்.

“என்ட போட்டில வெளிய சுத்துற விசிறி இல்ல. உங்கட வலையில ஒரு கண்ணும் அறாது. நான் சொல்றன்.”

விட்டார்கள். கண்டலுக்குள் போகிற ஒரே படகு என்பதால்தான் அவளிடம் ஆட்கள் வருகிறார்கள். அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு சொல்லால்தான்.

சரி, படகுக்கு வருவோம். காத்தான்குடியிலிருந்து நிசாம் நானா வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். படகுக்குப் பின்னால் வெளியே பூட்டுகிற அவுட்போர்ட் என்ஜின் வேலையில் கைதேர்ந்தவர். வதனி அவரிடம் நோயைச் சொன்னாள்.

“நானா, வேகம் குடுக்கக் குடுக்க சத்தம் கூடுது. போட் போகுதில்ல. புறகால வெறும் நுரையா வருது.”

நானா தலையை ஆட்டினார். “ஓ... இழுக்குதில்ல.”

“ஓம் நானா. இழுக்குதில்ல.”

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஏற்றத்தில் திணறினால் ‘இழுக்குதில்ல’. டிரக்டர் சேற்றில் புதைந்தால் ‘இழுக்குதில்ல’. நெஞ்சுச் சளிக்காரருக்கு மூச்சு ‘இழுக்குது’. சாகக் கிடக்கிறவர்கூட ‘இழுத்துக்கொண்டு’தான் கிடக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்களும் எப்படியோ காலத்தை இழுக்கிறோம்!

என்ஜின்காரருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ஒன்றே ஒன்று. என்ஜினுக்குப் பலம் போதவில்லை. பிளக் மாற்றினார். எண்ணெய் ஃபில்டர் மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். என்ஜின் புதுப்பெண்போல இனிமையாகப் பாடத் தொடங்கியது. படகு அசையவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அடிவாயைத் தடவிப் பார்த்தார். பாசி இல்லை. படகுக்குள் தண்ணீர் கசிகிறதா என்று பார்த்தார். காய்ந்து கிடந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“உள்ளுக்க இரிக்கிற விசிறி தேஞ்சிருக்கும் தங்கச்சி. அந்தச் சாமான் இஞ்ச கிடைக்கிறது கஷ்டம். பேசாம இத அடைச்சிட்டு, புறத்தால ஒரு அவுட்போர்ட்டப் பூட்டுவமா?”

நியாயமான யோசனை. ஆனால் அவுட்போர்ட் என்றால் விசிறி. துறையில் வதனி கொடுத்த சொல் என்னாகும்?

வாவிக்கரையில் செய்தி பரவ ரேடியோ தேவையில்லை. அன்று பின்னேரமே யோகன் வந்துவிட்டார். கோபமாக வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“விசிறி பூட்டப் போறீங்களாம்?”

“இன்னும் முடிவெடுக்கல்ல.”

“உங்களுக்கும் வழி வேணுந்தானே. பூட்டுங்க. ஆனா மறுகா எங்கட பக்கம் வராதீங்க.”

கயிறு கட்டி இழுத்துக் காப்பாற்றிய மனிதர் சொல்கிறார்.

அடுத்த நாள் வதனி எங்கள் வீட்டில் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, அதைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அன்று என் மனைவியின் தமையன் தவம் மச்சானும் வந்திருந்தார். கிரானில் வயல் செய்கிறவர். நல்ல மனிதர். ஆனால் அவரோடு கதைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் அரசியல் பேசினாலும், அவியல் பேசினாலும், அவர் காதில் அது அவருடைய வட்டையாகத்தான் விழும். ஊரெல்லையில் நெல் விளைகிற அந்தப் பரப்பைத் தாண்டி அவருக்கு உலகம் கிடையாது.

நான் மனைவியிடம், “எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் இழுக்குதில்லையாம்” என்றேன்.

கை கழுவிக்கொண்டிருந்த மச்சான் அங்கிருந்தே சொன்னார்.

“காத்து எடுக்குது. பைப் மூட்டெல்லாம் பாத்தீங்களா? கொஞ்சம் களிமண்ண அப்பினாச் சரி. எந்த வட்டைக்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வட்டை இல்ல மச்சான். வதனிட போட்.”

“போட்டுக்கு என்னத்துக்கு வாட்டர் பம்ப்?”

மனைவியும் சிரித்தாள். வதனி சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடு எழும்பிவிட்டாள்.

“மச்சான், அத ஒருக்காத் திரும்பச் சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ற மச்சாள்? தண்ணி இழுக்கிற பைப்பில மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பம்ப் தண்ணிய விட்டுட்டுக் காத்தத்தான் இழுக்கும். என்ஜின் கத்தும். தண்ணி வராது. வந்தாலும் நுரையாத்தான் வரும். பாத்தா ஒரு சொட்டும் ஒழுகாது. காத்து உள்ளுக்கத்தானே போகுது, ஒழுகிறத்துக்கு என்ன இருக்கு?”

வதனி என்னைப் பார்த்தாள். “அண்ணன், என்ட போட்டும் ஒரு பம்ப்தானே.”

படகுக்குள், அந்த உறிஞ்சுகிற வாய்க்கு நேர்மேலே, ஒரு மூடி இருக்கிறது. பாசி அடைத்தால் திறந்து கையை விட்டு எடுப்பதற்கு. நின்றுபோன அந்தப் பயணத்துக்குப் புறப்படுமுன் வதனிதான் அதைக் கழற்றிப் பாசி எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டியிருந்தாள். மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். படகு வயதே அதற்கும் வயது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதால் அதில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கசியாததை யார் சந்தேகப்படுவார்கள்?

யோசித்துப் பார்த்தால், படகில் ஏறுகிற நாங்கள் எல்லோரும் பயப்படுவது தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ என்றுதான். காற்று உள்ளே வந்தும் ஒரு படகு கெடும் என்று யாருக்குத் தோன்றும்?

நிசாம் நானாவைக் கூப்பிட்டோம். படகைத் துறையில் இறுக்கிக் கட்டி, என்ஜினை ஓடவிட்டு, அவரே சவர்க்காரத்தை நுரைக்கக் கரைத்து மூடியைச் சுற்றி ஊற்றினார். டயர் பஞ்சர் பார்த்திருப்பீர்கள். குமிழி வெளியே வரும். இங்கே தலைகீழ். ஓர் ஓரத்தில் நுரை சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நானா குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“நான் தண்ணி வருதா எண்டுதான் பாத்த தங்கச்சி. காத்து போகுதா எண்டு பாக்கல்ல.”

காய்ந்து வெடித்திருந்த வளையத்தை எடுத்தெறிந்துவிட்டு, ரப்பர் தகட்டில் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டார். கயிற்றை அவிழ்த்ததும் படகு பாய்ந்த பாய்ச்சலில் நான் உட்கார்ந்தே விட்டேன். மச்சானுக்கோ கடைசிவரைக்கும் முழுத் திருப்தி இல்லை. களிமண்ணே போதும் என்றார்.

வாவியில் போகும்போது வதனி சொன்னாள். “நுரையா வருது எண்டு நான்தான் முதல்ல சொன்னன் அண்ணன். நானா ‘இழுக்குதில்ல’ எண்டார். வேலை தெரிஞ்சவர் சொன்னாச் சரியா இருக்கும் எண்டு நானும் ஓம் எண்டுட்டன். மறுகா என்ட சொல்ல நானே விட்டுட்டன்.”

எத்தனை பேர் இப்படி? வலியை நம்முடைய சொல்லில் டாக்டரிடம் கொண்டுபோகிறோம். திரும்பும்போது அவருடைய சொல்லோடு வருகிறோம். வீட்டில் ‘என்னவாம்?’ என்று கேட்டால் அவர் சொன்னதைத்தான் சொல்கிறோம். நமக்கு எங்கே வலித்தது என்பது நமக்கே மறந்துபோகிறது. சரியாகக் கேட்ட நாங்கள் எல்லோரும் பிழையாக விளங்கிக்கொண்டோம். பிழையாகக் கேட்ட மச்சான் ஒருவர்தான் சரியாகச் சொன்னார்.

கண்டல் திருப்பத்தில் யோகன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். வதனி என்ஜினை அடக்கினாள். யோகன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் படகின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். வடிவாகப் பார்த்தார்.

“விசிறி பூட்டல்லையா?”

“இல்ல.”

அவ்வளவுதான். அவர் குனிந்து வலையை எடுத்துக்கொண்டே கையை நீட்டினார்.

“இஞ்சால வராதீங்க, மேடு. அங்கால கிறுகிப் போங்க. கொக்கு எல்லாம் அந்தப் பக்கம்தான் நிக்குது.”

எங்கள் ஊரில் நன்றி, சந்தோசம் என்றெல்லாம் வாய் திறந்து சொல்வது குறைவு... வழி சொல்லுவோம்.