காற்றுப் புகாத பெட்டி

முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான். சத்தியம் செய்து முடித்த அதே வாயால் பொய் சொல்கிறவர்களை நாள்தோறும் பார்த்து, அவர்கள் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து, கடைசியில் யார் எதைச் சொன்னாலும் ‘இதை எதற்குச் சொல்கிறான்?’ என்று யோசிக்கிற ஆளாகிவிட்டேன். ஓய்வு பெற்றும் அது போகவில்லை. பால்காரர் ஒரு நாள் கூடுதலாகச் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி, “எங்க வூட்டுக்குள்ளயே ஒரு கோர்ட்டு நடக்குது” என்பாள்.

கடலூரில், கடலுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் எங்கள் வீடு. பக்கவாட்டில் கார் ஷெட். கார் பழையது, அதன் சின்னச் சின்ன வேலைகளை நானே பார்ப்பேன். இருபது வருடமாக ஒவ்வொன்றாக வாங்கிய சாமான்கள் ஷெட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் சுவரில் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தேன். எது இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்படித்தான் ஒரு நாள் காலை, பன்னிரண்டு-பதிமூன்று நம்பர் ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பென்சில் கோடு இருப்பதைப் பார்த்தேன்.

சந்தேகப்பட ஆளைத் தேட வேண்டியதில்லை. என் மனைவியின் தம்பி இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். தேவனாம்பட்டினத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஆட்டோவில் எது கழன்றாலும் நேரே எங்கள் ஷெட்டுக்குத்தான் வருவான். கேட்டின் கொக்கியை அவனே தூக்கிக்கொள்வான். நான் இருந்தால் “மாமா” என்று ஒரு குரல், இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. எடுத்ததைத் திருப்பி வைப்பான் என்பதும் உண்மைதான். ஆனால் வைத்தவன் உடனே போகமாட்டான். ஓர் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு, சுவரில் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து மாட்டுவான். ஆயுத பூஜைக்கு மறுநாள் இது இன்னும் ஜாஸ்தி, அரை நாள் உட்கார்ந்துவிடுவான். அடுத்தவன் சாமானை ஒருவன் எதற்கு இவ்வளவு ஆசையாகத் துடைக்க வேண்டும்? எதைத் தட்டிக்கொண்டு போகலாம் என்று நோட்டம் பார்க்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

“ஷெட்டுக்கு ஒரு நல்ல இரும்புப் பெட்டி வாங்கப் போறேன்” என்று மனைவியிடம் சொன்னேன்.

“எதுக்கு?”

“உப்புக்காத்துல எல்லாம் துரு புடிக்குது.”

“இத்தினி வருஷமா புடிக்கலியே” என்றாள்.

அந்தச் சாட்சியத்தை நான் பதிவு செய்துகொள்ளவில்லை.

கடலூரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு காந்தமும் பெரிய சுத்தியலும் வைத்திருந்தேன். முதல் கடையில் பிளாஸ்டிக் பெட்டி. எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டக் கடைக்காரர் அதன்மேல் ஏறி நின்றார். அவர் ஒல்லி. என்னை ஏறச் சொல்லவில்லை. இரண்டாவது கடையில் துருவே பிடிக்காத ஸ்டீல் என்றார்கள். காந்தத்தைக் காட்டினேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அங்கே எனக்குத் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது. மூன்றாவது கடைப் பெட்டியின் இழுப்பறை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. சுத்தியலை உள்ளே வைத்து இழுத்தேன், பாதியில் தொங்கிவிட்டது. நான்காவது கடையில் தகடு நல்ல கனம், கீலும் கெட்டி, எனக்கே பிடித்துப் போயிற்று. ஆனால் அதன் சாவியை எடுத்துப் பக்கத்துப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். அதுவும் திறந்துகொண்டது.

பழைய அலுவலக நண்பர் ஒருவர்தான் சிதம்பரத்தில் ரயில் நிலையம் போகும் வழியில் ஒரு பட்டறை இருக்கிறது, கேட்ட மாதிரி செய்து தருவார்கள் என்றார். அவருக்கு அதில் கமிஷன் இருக்குமோ என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் யோசித்தேன். பட்டறையை நடத்துகிறவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கணவர் வெல்டிங் வைக்க, அளவும் பேச்சும் இவருடையது. சேத்தியாத்தோப்பு நெல் மண்டிகளுக்கெல்லாம் பெட்டி போவதாகச் சொன்னார். தகட்டை வெட்டி, அதன் ஓரத்தை என்னிடமே கொடுத்துக் கனத்தைப் பார்க்கச் சொன்னார். ஒரே மூடிக்குள் மூன்று இழுப்பறை, அடியில் மரக்கட்டை வைத்த கால், உள்ளேயும் வெளியேயும் பெயிண்ட். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே எனக்கு உறுத்தியது.

“பின்பக்கம் நாலு ஓட்டை போட்டுடறேன் சார், காத்து போவணும்” என்றார்.

ஓட்டையா? உள்ளே கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

“ஓட்டை வேணாம். மூடிக்குச் சுத்தியும் ரப்பர் வச்சிடுங்க. எறும்புகூட நுழையக் கூடாது.”

“உள்ள வேர்க்கும் சார். நீங்க கடலூரு.”

“வேர்த்தா நான் பாத்துக்கறேன்.”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சுண்ணாம்புக் கட்டியால் தகட்டில் போட்டிருந்த நான்கு வட்டங்களையும் கையால் அழித்தார்.

பெட்டியை மச்சானின் ஆட்டோவிலேயே எடுத்து வந்திருக்கலாம். பூட்டு எப்படிப்பட்டது என்று அவன் பார்த்துவிடக் கூடாது என்று வேறொரு வண்டி பிடித்தேன். வண்டி வாசலில் நின்றதுமே எங்கிருந்தோ ஓடி வந்து ஒரு பக்கம் தூக்கினான். “எங்கிட்ட சொல்லியிருந்தா நானே ஏத்திகினு வந்திருப்பனே மாமா” என்றான். “உனக்கு எதுக்குச் சிரமம்” என்றேன். சுவரிலிருந்த சாமான் எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. இரண்டு சாவியையும் என் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். சுவர் முழுக்க வெறும் பென்சில் கோடுகள் நின்றன.

ஒரு வாரம் கழித்து மச்சான் வந்தான். காக்கிச் சட்டை, ஒரு கை பேண்ட் பாக்கெட்டுக்குள். அந்தக் கையை நான் கவனித்தேன்.

“மாமா, பெட்டிய கொஞ்சம் தொறங்களேன்.”

“சாவிய எங்கியோ வச்சிட்டேன், தேடணும்” என்றேன். சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

அவன் சுவரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “சரி மாமா, வர்றேன்” என்று போனான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. வாசல் வழியாக ஆட்டோ போகும், ஹாரன் அடிக்காமல் போகும். ‘குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வரவில்லை’ என்று நான் தீர்ப்பு எழுதினேன். என் மனைவி சோற்றைப் போடுவாள், பேச மாட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல் சாமானையெல்லாம் கழுவி, பலகையில் பரப்பி, மனைவி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பொட்டு வைத்தாள். மறுநாள் மச்சான் வருகிற நாள். வாசலில் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவன் வரவில்லை. பொட்டோடு அப்படியே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. வெயில் வந்த பிறகு பெட்டியைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஸ்பேனர், பிளேயர், சுத்தியல், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் துரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அம்மா மட்டமான தகட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டார், துரு அங்கிருந்துதான் பரவியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு ஸ்பேனரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் குறுக்கு விசாரணைக்குக் கேள்வி தயாரித்தேன்.

அவர் ஸ்பேனரை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “பெட்டில துரு இருக்குதா?”

பெட்டியில் துரு இல்லை. அது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

“இங்க பாருங்க, வட்டமா இருக்குது பாருங்க. இது பொட்டு வச்ச எடம். ஈரப் பொட்டோட மூடி வச்சிருக்கீங்க, காத்தும் இல்ல, அங்கருந்துதான் புடிச்சிருக்குது. பூச முடிஞ்சா தொடைச்சி எண்ண போட வேணாமா? வருஷா வருஷம் உங்க வூட்ல யாரு தொடைக்கறது?”

பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்றிருந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ சாட்சிகள் இப்படி வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் திரும்பி, வீட்டுக்குள் போகாமல் நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆட்டோவைச் சாய்த்துப் போட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். கையில் என் பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனர். எண்ணெய் மினுமினுப்போடு, ஒரு புள்ளி துரு இல்லாமல் இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து, அதைத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினான். “ஒங்களுதுதான் மாமா. சீட்டுக்கு அடில வுழுந்து கெடந்திருக்குது, எனக்கே தெரியல. பாத்த ஒடனே பெட்டில போட்டுடலாம்னு எடுத்துகினு வந்தேன். அன்னிக்குத்தான் சாவி காணும்னு சொன்னீங்க.”

பாக்கெட்டுக்குள் இருந்த அந்தக் கை என் நினைவுக்கு வந்தது. தப்பு என்னுடையதுதான் மச்சான் என்று சொன்னேன். இவ்வளவு வயதில் அந்த வார்த்தை என் வாயில் புதிதாக இருந்தது. அவன் மண்ணெண்ணெய் டப்பாவையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தான்.

சாயங்காலம் வரை ஷெட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் தேய்த்தோம். துரு போயிற்று. பொட்டு இருந்த இடங்களில் மட்டும் மங்கலாக ஒரு வட்டம் நின்றது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அவன் கிளம்பும்போது இடுப்பிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்து நீட்டினேன்.

“இது உங்கிட்ட இருக்கட்டும்.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டே சாவியைப் பார்த்தான். வாங்கவில்லை.

“வேணாம் மாமா. நீங்க வூட்ல இருக்கும்போதே வர்றேன்” என்றான்.

இப்போதும் வருகிறான். கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிக்கிறான். நான் போய்க் கொக்கியைத் தூக்குகிற வரை உள்ளே வருவதில்லை.