பார்க்காத படத்துக்குத் தீர்ப்பு

எங்கள் ஆபீசில் படம் பார்ப்பவர்களைவிடப் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம். எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், மற்ற தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. கடல் சரியில்லை என்று கப்பல் ரத்தானால் போதும், கவுண்டருக்குப் பின்னால் சினிமா ஆரம்பித்துவிடும். தலைமை, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். பூர்வீகம் ராமநாதபுரம். அவர் தியேட்டர் வாசலை மிதித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எந்தப் படத்துக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று சொல்வது அவர்தான். மதுரையில் இருக்கும் மச்சான் அனுப்புகிற ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும் அவருக்கு.

இந்த ஊருக்குத் தமிழ்ப் படம் வருவதே அபூர்வம். வந்தாலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு காட்சி. ஆள் வரவில்லையென்றால் அதையும் தூக்கிவிட்டு இந்திப் படம் போட்டுவிடுவார்கள். இது குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

போன வருஷம் பெரிய நடிகர் யாரும் இல்லாத ஒரு படம் வந்தது. என் மனைவியின் தம்பி அதில் செட் போடுகிறவர்களோடு வேலை பார்த்திருந்தான். ஆணி அடித்து, பெயிண்ட் அடித்து, வருஷக்கணக்கில் சென்னையில் அலைந்த பிறகு முதல் தடவையாக அவன் பெயர் திரையில் வரப்போகிறது. படம் முடிந்ததும் ஓடுகிற பெயர்களில் ஒன்றாகத்தான். இருந்தாலும் பெயர் பெயர்தானே. அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் இவள்.

“யார்கிட்டயும் சொல்லிராதீங்க. கடைசி நேரத்துல பேரை எடுத்துட்டா அசிங்கமாயிரும். பார்த்துட்டு வந்து நானே எல்லாருக்கும் சொல்லிக்கிறேன்,” என்றாள். அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. ஞாயிறுதான் லீவு. அதனால் ஞாயிறு சாயங்காலம் என்று முடிவாயிற்று. கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப் புடவையை எடுத்துத் தேய்த்து வைத்தாள். நான் கேலி செய்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. அன்றைக்கே குரூப்பில் அண்ணன் எழுதிவிட்டார்: “ஏக்தம் பேக்கார் பிக்சர். யாரும் போயிராதீங்க.” உடனே ஒருவர் முதல் பாதி இழுவை என்றார். இன்னொருவர் முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதிதான் இழுவை என்றார். இருவரும் கராச்சர்மாவில் எங்கள் தெருக்காரர்கள். அன்று முழுவதும் வீட்டைவிட்டு அசையாதவர்கள்.

மறுநாள் அண்ணனிடமே கேட்டேன். “நீங்க பார்த்தீங்களாண்ணே?”

“இதைப் பார்க்க வேற செய்யணுமா தம்பி? மச்சான் இன்டர்வெல்லோட எந்திரிச்சு வந்துட்டான்.”

வாய்வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப் புடவையோடு பஸ் ஏறிப் போய்த் தியேட்டர் வாசலில் இறங்கினோம். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தமில் ஷோ பந்த். பப்ளிக் நஹி ஆயா.” இரண்டு நாளும் ஆள் வரவில்லையாம், காட்சியை எடுத்துவிட்டார்களாம். சுவரில் எங்கள் படத்தின் போஸ்டர் மேல் இந்திப் பட போஸ்டர் பாதி ஒட்டியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “வாங்க, பஸ் போயிரும்,” என்றாள்.

திங்கட்கிழமை குரூப்பில் அண்ணன்: “நம்ம ஊர்ல தமிழ்ப் படமே போட மாட்டேங்கிறானுங்க.” அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

சில மாதம் கழித்து அந்தப் படம் போனுக்கு வந்தது. அண்ணன் என் கவுண்டருக்கே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. “தம்பி, நேத்து ஒரு படம் பார்த்தேன். க்யா பிக்சர் ஹை! இதையெல்லாம் தியேட்டர்ல பார்க்கணும்யா. நம்மாளுங்களுக்கு ரசனையே கிடையாது.” தான் போகக் கூடாதென்று சொன்ன படம் இது என்பதே அவர் நினைவில் இல்லை. கவுண்டர் கண்ணாடியில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

அன்று சாயங்காலம் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து இருவரும் பார்த்தோம். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அவள் முகத்தைப் போன் பக்கத்தில் கொண்டுபோனாள். அவ்வளவுதான். பெயர்களெல்லாம் சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விட்டன. அடுத்து இதைப் பாருங்கள் என்று வேறொரு படம் திரையை அடைத்துக்கொண்டது.

“உங்க ஸ்டோர் அண்ணன் இதுக்குள்ளயும் உட்கார்ந்திருக்காரா?” என்றாள். சிரிக்கவில்லை.

பின்னால் தள்ளி, நிறுத்தி, ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். எறும்பு சைஸில் அவன் பெயர் இருந்தது. அவள் விரலை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“தியேட்டர்ல எவ்வளவு பெருசா வந்திருக்கும்?”

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

“இன்னும் கொஞ்சம் பெருசா வந்திருக்கும்,” என்றாள்.