பாஸ்போர்ட்டில் கூடுதலாக நாலு வயது

கணவர் இறந்த ஐந்தாவது மாதம் எனக்கு வேலை கிடைத்தது. அமெரிக்காவில் இருக்கும் வயதான நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் பிறந்தநாள் குறிப்பு எழுதும் வேலை.

அவர் சவுதியில், அல் கோபாரில், ஒரு சைட் வேலைக்காகப் போயிருந்தார். மூன்று வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவர். பதினோராம் நாள் காலையில் ஓட்டல் அறைக் கதவை உடைத்துத் திறந்திருக்கிறார்கள். மாரடைப்பு. ஐம்பத்தொரு வயது. கோயமுத்தூருக்கு உடலைக் கொண்டுபோய்க் காரியங்களை முடித்து, இருபதாம் நாள் நானும் மகளும் துபாய்க்குத் திரும்பிவிட்டோம். அவள் பன்னிரண்டாம் வகுப்பு. படிப்பை நடுவில் விட முடியாது. எங்கள் இருவருடைய விசாவும் அவர் பெயரில் இருந்தது. அது முடிவதற்குள் எனக்கென்று ஒரு வேலையும் விசாவும் வேண்டியிருந்தது. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவள் என்பதைத் தவிர எழுதிப் போட என்னிடம் எதுவும் இல்லை. பல இடங்களுக்கு எழுதினேன். ஓரிடத்திலிருந்து பதில் வந்தது.

அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துச் சிற்றூர்களில் இருக்கும் சின்னச் சின்ன வானொலி நிலையங்களுக்கு, தினமும் காலையில் வாசிப்பதற்கு ஒரு பக்கம் தயாரித்து அனுப்பும் கம்பெனி அது. பக்கத்தின் மேல்பாதியில் அன்று பிறந்தநாள் காணும் பிரபலங்களின் பட்டியல், வயதோடு. கீழ்ப்பாதியில் அந்தப் பகுதியின் பழைய கதை. மாட்டு மந்தைகளை ஓட்டிப் போனவர்கள், துப்பாக்கியோடு திரிந்த ஷெரீப்புகள், கொள்ளைக்காரர்கள், தங்கள் நிலத்தை விட மறுத்து நின்ற பழங்குடித் தலைவர்கள், இவர்களில் அன்றைய தேதியில் பிறந்த அல்லது இறந்த யாராவது ஒருவர். ஆபீஸ் ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு டயர் கிடங்கின் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை வரும். கராமாவில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, இறங்கிப் பத்து நிமிடம் வெயிலில் நடந்து போவேன்.

மேனேஜர் எகிப்துக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார். “எல்லாரும் வயசானவர்கள். வாழ்த்துவதற்கு முன்னால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார். அவ்வளவுதான் உன் வேலை. கலாஸ், முடிந்தது.”

பட்டியலை மூன்று வாரம் முன்கூட்டியே தயாரித்துவிடுவோம். போன வருடத்துப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வயது கூட்ட வேண்டும். தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறு. பிறகு பக்கத்தை அனுப்ப வேண்டிய அன்று காலையில், ஒவ்வொரு பெயரையும் திரும்பத் தேடி, ஆள் இருக்கிறாரா என்று உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறொருவரைப் போட வேண்டும்.

ஒருநாள் இரவு வீட்டில் பட்டியலைத் திறந்து வைத்திருந்தபோது மகள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். “அம்மா, இதெல்லாம் எழுதறப்ப உனக்குக் கோபம் வரலையா? தே ஆர் ஆல் நைன்ட்டி.”

“இல்லடா.”

உண்மையாகத்தான் சொன்னேன். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மாதங்களில் எனக்குப் பசி, தூக்கம், வெயில் எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தன. தொண்ணூற்றாறு என்று எழுதும்போது அது எனக்கு ஒரு எண்ணாக மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு தவறு செய்தேன். காலையில் தேடிப் பார்த்தபோது உயிரோடு இருந்த ஒரு பழைய நடிகர், நான் பக்கத்தை அனுப்பிய ஒரு மணி நேரத்தில் இறந்த செய்தி வந்தது. இன்னொரு முறை பார்க்காமல் விட்டது என் பிழை. நான்கு ஊர்களில் அவருக்கு நீண்ட ஆயுளுக்கான வாழ்த்தை வாசித்துவிட்டார்கள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். நான் சாரி என்றேன். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்போல. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அழாததால் குழம்பிப் போய் உள்ளே போய்விட்டார்.

அடுத்த மேசையில் இருந்தவர்தான் அப்போது முதல்முறையாக என்னோடு தமிழில் பேசினார்.

“விடுங்க தங்கச்சி. செத்தவருக்கு வாழ்த்து சொன்னா அவருக்கு என்ன நட்டம்.”

அவர் காயல்பட்டினத்துக்காரர். வெள்ளைத் தாடியைக் கத்தரித்து வைத்திருப்பார், சட்டைப்பையில் இரண்டு பேனா. பக்கத்தின் கீழ்ப்பாதி அவருடையது. கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பராக வந்தவர். ஒருநாள் யாரோ ஒரு கொள்ளைக்காரனின் பெயரைத் தப்பாக எழுதியிருந்ததைப் போகிறபோக்கில் பார்த்துத் திருத்தியிருக்கிறார். அதன் பிறகு அந்த வேலையையே அவரிடம் கொடுத்துவிட்டார்கள். கராமாவில் பதினெட்டு வருடம் வீடியோ கேசட் கடை வைத்திருந்தவர். கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் குதிரைப் படங்களாகப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் புத்தகங்களையும் விடாமல் படித்திருக்கிறார். அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணம் ஆட்டம் காணும், அதை நான் சரிசெய்வேன். ஆனால் விவரத்தில் ஒரு பிழை இருக்காது.

“படத்துல வர்றதெல்லாம் சும்மா, தங்கச்சி,” என்பார். “நெசத்துல அந்த ஷெரீப்பெல்லாம் பல்லு வலியோட, கடனோட, பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டுத் திரிஞ்சவங்கதான். வயசாகிப் போனப்ப ஊருக்கு ஊரு மேடையில நின்னு, நான்தான் அவன்னு சொல்லிக் கைதட்டு வாங்கிப் பொழச்சிருக்காங்க.”

நான் அவரை பாய் என்று கூப்பிட்டேன். பகல் சாப்பாட்டுக்கு என் டப்பாவையும் அவர் டப்பாவையும் மேசையில் வைத்துக்கொண்டு பேசுவோம். பேசுவது பெரும்பாலும் அவர். அவர் என் கணவரைப் பற்றிக் கேட்டதில்லை. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

குளிர்காலத்தில் ஒருநாள் பட்டியலில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு பழைய நடிகைக்கு இரண்டு பிறந்த வருடங்கள் இருந்தன. அவரே சொல்லிக்கொண்டது ஒன்று, பள்ளிக்கூடத்துப் பதிவில் இருந்தது இன்னொன்று. மூன்று வயது வித்தியாசம். எதைப் போடுவது என்று பாயிடம் கேட்டேன்.

“அவங்க குறைச்சுச் சொல்லிக்கிட்டாங்க. நான் கூட்டிச் சொன்னவன்,” என்றார்.

பிறகு டப்பாவை மூடியபடி சொன்னார். பதினேழு வயதில் பம்பாய்க்குப் போய் ஏஜண்ட் முன்னால் நின்றிருக்கிறார். அந்த வயதுக்கு விசா வராது என்றிருக்கிறார்கள். ஏஜண்ட் பிறந்த தேதியையே மாற்றி, பாஸ்போர்ட்டில் இருபத்தொன்று என்று போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்படித்தான் அல் கோபாரில் ஒரு துணிக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் இப்படி வந்தவர்கள் நிறையப் பேர்.

“அப்ப நெசமா உங்களுக்கு என்ன வயசுங்க?”

“அறுபத்தொண்ணு. பாஸ்போர்ட்டுக்கு வர்ற மாசம் அறுபத்தஞ்சு.”

“அதனால என்னங்க?”

“அறுபத்தஞ்சுக்கு மேல விசா புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க. மேனேஜர் போன வாரமே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். சின்ன மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நாலு வருடத்தில் எல்லாம் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

“என்னன்னு சொல்ல? நாப்பத்துநாலு வருசமா பொய் பாஸ்போர்ட்ல இருந்தேன்னா? ஜெயில்ல போட்டுருவான்.” லேசாகச் சிரித்தார். “அப்ப நாலு வருசம் முன்னாடி வந்தேன். இப்ப நாலு வருசம் முன்னாடி போறேன்.”

நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அந்த நடிகைக்குப் பள்ளிக்கூடத்துப் பதிவில் இருந்த வருடத்தைப் போட்டு, பக்கத்தை மூடினேன்.

அதற்கு அடுத்த வாரம் பாய் ஒரு குறிப்பு எழுதினார். அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் மேற்கே போய், பனியிலும் மழையிலும் தபால் வண்டி ஓட்டிய ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றியது. அவள் பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்கவில்லை. வயதான காலத்தில் அவள் இருந்த சிற்றூரில், அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அன்றுதான் அவள் பிறந்தநாள். அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுக் கொண்டாடுவார்களாம். பாய் எழுதியதிலேயே நல்ல குறிப்பு அதுதான். இலக்கணத்தைத் திருத்தும்போது எனக்கே தெரிந்தது.

மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். “தேதி எங்கே?”

“தேதி கிடையாது சார். அதுதான் கதையே,” என்றார் பாய்.

“நாம் விற்பதே தேதியைத்தான். தேதி இல்லை என்றால் கதையும் மாஃபி, இல்லை.”

பாய் திரும்பி வந்து உட்கார்ந்தார். வேலை போகிறது என்று சொன்னபோது மாறாத முகம் அப்போது மாறியிருந்தது. அன்று அவர் டப்பாவைத் திறக்கவில்லை.

அவருடைய கடைசி நாளும் பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்தநாளும் ஒரே நாள். ஆபீசில் கேக் வாங்கியிருந்தார்கள். அறுபத்தைந்து என்று இரண்டு மெழுகுவர்த்தி எண்கள் செருகியிருந்தார்கள். பிலிப்பினோ ரிசப்ஷனிஸ்ட் பாட்டுப் பாடினாள், மற்றவர்கள் கைதட்டினார்கள். பாய் குனிந்து மெழுகுவர்த்தியை ஊதினார். அது அவர் பிறந்தநாள் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். முதல் துண்டை மேனேஜருக்கு ஊட்டினார். மேனேஜர் நெஞ்சில் கைவைத்து, உண்மையான வருத்தத்தோடு அவரைத் தழுவிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை.

கேக் சாப்பிட்டு முடித்து நான் இருக்கைக்கு வந்தபோது, மறுநாள் பக்கத்தின் கீழ்ப்பாதி வந்து காத்திருந்தது. இரண்டு பாதியையும் சேர்த்து அனுப்புவது என் பொறுப்பு. திறந்தேன். அந்தத் தபால்காரப் பெண்தான். தேதி போட வேண்டிய இடத்தில், ‘பிறந்தநாள் தெரியாது, எனவே இன்று கொண்டாடலாம்’ என்று எழுதியிருந்தார். திரும்பி அவரைப் பார்த்தேன். மேசை இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

மேல்பாதியில் இருந்த ஒன்பது பேரையும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். ஒன்பது பேரும் இருந்தார்கள். பக்கத்தை அப்படியே அனுப்பினேன்.

தைரியம் என்று சொல்ல மாட்டேன். பயப்படுவதற்கும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டும், அது என்னிடம் இல்லை. இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டு, எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அதே வாரம் ஒரு வானொலி நிலையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் குறிப்பைக் கேட்டு, தன் பிறந்த தேதி தெரியாத ஒரு முதியவர் நிலையத்துக்குப் போன் செய்தாராம், அவருக்கும் சேர்த்து வாழ்த்து வாசித்தார்களாம். மேனேஜர் அதை எனக்கு அனுப்பிவைத்தார், அவர் பங்குக்கு ஒரு வார்த்தைகூட எழுதாமல். எச்சரிக்கைக் கடிதம் என் ஃபைலில் அப்படியே இருந்தது.

கீழ்ப்பாதியும் என்னிடம் வந்தது. இப்போது ஒரு கொள்ளைக்காரனையும் எட்டொன்பது கிழவர்களையும் தினமும் நானே தேடுகிறேன்.

பாய் ஊருக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட ஆரம்பித்தார். நான் சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவேன். அந்த வாரப் பட்டியலைக் கேட்பார். சொல்வேன். “அவரு இன்னும் இருக்காரா?” என்பார், சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பதுபோல.

“வீட்டுல எப்படி இருக்குங்க, பாய்?”

“நல்லாத்தான் பாக்குறாங்க. விருந்தாளியப் பாக்குற மாதிரி. ஒரு மாச லீவுல வந்தவனாட்டம் தெனம் மீன் பொரிச்சுத் தர்றாங்க. எப்ப போறீங்கன்னு கேக்க யாருக்கும் வாய் வரல.”

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், பேச்சுக்கு நடுவே, அவர் முதல்முறையாகக் கேட்டார். “வீட்டுக்காரரு அல் கோபார்லன்னு சொன்னாங்க. எந்தப் பக்கம் தங்கியிருந்தாரு?”

சொன்னேன். அந்தத் தெரு அவருக்குத் தெரிந்திருந்தது. கடலோரம் என்றார். அவர் வேலை பார்த்த துணிக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி.

பிறகு அவர் கேட்காமலே நான் சொல்ல ஆரம்பித்தேன். போன் வந்தபோது மகளின் யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன் என்றும், சேதியைக் கேட்டு போனை வைத்துவிட்டு, தேய்க்காமல் இருந்த ஒரு கையையும் தேய்த்து முடித்தேன் என்றும், காலரைக்கூடத் திருப்பித் தேய்த்தேன் என்றும் சொன்னேன். என் அம்மாவிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

அந்தப் பக்கம் ஸ்கூட்டர் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

“பிள்ள அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போச்சா?”

“இல்லைங்க பாய். அன்னிக்குப் போகல.”

“ம்,” என்றார். “இப்ப பரிச்சையெல்லாம் நல்லா எழுதுதா?”

“எழுதறாளுங்க.”

பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அடுப்பைத் துடைக்கும்போது கையில் சுட்டது. விரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டியபடி, எரிச்சல் அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.