பதினோரு வருஷத்து மண்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. சொந்தத்தில் எல்லாருக்கும் அவள் பத்திரம்தான். எது கையில் கிடைத்தாலும், "தூக்கிப் போட்டுடாதே, பத்திரமா வை" என்பாள். அறுந்த செருப்பு வார், பால் கவர், ஒற்றைச் சட்டைப் பொத்தான், எல்லாம் பத்திரம். அவளுடைய சித்தி மகன் முடிதிருத்துகிறவன், வாய்க்கொழுப்புப் பிடித்தவன். அவன் ஒரு நாள், "பத்திரக்கா, என் கடையில வெட்டின முடி கூடை கூடையா கிடக்கு. அதையும் பத்திரமா வெச்சுக்கிறியா?" என்று கிண்டல் பண்ணினான்.

"கொண்டா" என்றாள். பெயரும் ஒட்டிக்கொண்டது, முடியும் வாராவாரம் வரத் தொடங்கியது.

அது மொட்டைமாடித் தோட்டத்துக்கு. அவள் புருஷன் ஆலையில் மூட்டை தூக்கி முதுகு விட்டுப்போய் வீட்டோடு உட்கார்ந்த வருஷம் அது. அவளுக்கு ஒரு மாணவர் விடுதியில் பாத்திரம் கழுவுகிற வேலை. அந்த ஒரு சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் போனால், காய் வாங்க ஒன்றும் நிற்காது. குடியிருந்த ஒற்றை மாடி அறைக்கு வெளியே வெறும் மொட்டைமாடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டாள். "ஏதோ பண்ணிக்கோம்மா" என்றார்.

பெயிண்ட் வாளி, வாஷிங் மெஷினின் துருப்பிடித்த உள்தொட்டி, ஓட்டை விழுந்த பெட்டி, சிமெண்டுச் சாக்கை இரண்டாக மடித்துத் தைத்த பை என்று வரிசையாக வைத்தாள். மண்ணுக்குத்தான் திண்டாட்டம். எங்கோ கடைக்கால் தோண்டிக் கொட்டியிருந்ததை அள்ளி வந்து நிரப்பினாள். முதல் வெயிலுக்கே செங்கல்லாக இறுகிப்போனது. அந்த வருஷம் காய்த்த ஒரே கத்தரிக்காயைப் பார்த்து, "இதுக்குத் திருகாணி வெச்சா மூக்குல போட்டுக்கலாம்" என்றான் புருஷன்.

அவள் விடவில்லை. தச்சு வேலை பார்த்த பெரியப்பா பட்டறையிலிருந்து மரத்தூள் வந்தது. தேநீர்க்கடை வைத்திருந்த அத்தை மகனிடமிருந்து வடிகட்டின தேயிலையும் முட்டை ஓடும் வந்தன. மெத்தை தைக்கிற தாய்மாமன் பழைய மெத்தைகளைப் பிரித்து நார் கொடுத்தார். விடுதியிலிருந்து காய்த்தோலை அவளே சுமந்து வந்தாள். எல்லாவற்றையும் அந்த வறட்டு மண்ணோடு கலந்து, மூடி, கிளறி, மறுபடி மூடி வருஷக்கணக்கில் மக்க வைத்தாள். நாலாம் வருஷம் மண் கறுத்தது. ஆறாம் வருஷம் விரலை விட்டால் மூன்று கணு உள்ளே போனது. பிறகு கீரை, தக்காளி, வெண்டை, அவரை எதற்கும் அவள் கடைப்பக்கம் போனதில்லை. சோற்றுக்கு அரிசி மட்டும் கடையிலிருந்து வந்தது, மற்றதெல்லாம் மாடியிலிருந்து வந்தது.

பதினோராம் வருஷம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தது. பிறகு காரை பெயர்ந்து, குழந்தை படுத்திருந்த பாய்க்கு அரை முழம் தள்ளி விழுந்தது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. மாடியேறி வந்து, தொட்டிகளுக்கு நடுவில் நின்று, தலையைச் சொறிந்தார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? மேல இருக்கிறது தோட்டமில்ல, பாரம். மாசக் கடைசியில ஆள் விட்டு எல்லாத்தையும் கொட்டிட்டுத் தளத்தைப் பூசப்போறேன். உங்க ரூமையும் இடிச்சுத்தான் ஆகணும்."

போக்கிடமாக நாத்தனார் வீடுதான் இருந்தது. நகரத்தின் அந்தக் கோடி. நாத்தனார் புருஷன் கொத்தனார், மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். தன் வீட்டுப் பின்பக்கம் மச்சானுக்காக ஓர் அறை எழுப்பிக்கொண்டிருந்தான். சுவரும் கூரையும் முடிந்து, தரை மட்டும் பள்ளமாகக் கிடந்தது. அறைக்கு வெளியே நாலு பக்கமும் வெயில் விழுகிற முற்றம். அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. மண் மட்டும் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அந்த மண்ணை இனிமேல் புதிதாகப் பண்ண முடியாது. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், தாய்மாமனும் போய்விட்டார். சித்தி மகன் கடையை மூடிவிட்டு வேறு ஊரில் யாரிடமோ கூலிக்கு இருக்கிறான். அவளுக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது. மறுபடி பதினோரு வருஷத்துக்கு எங்கே போவாள்?

வண்டி பிடிக்க வழியில்லை. தினமும் விடிந்ததும் இரண்டு பையில் மண்ணை நிரப்பிக்கொண்டு முதல் பஸ் ஏறினாள். அந்தக் கோடியில் இறங்கி, நாத்தனார் வீட்டுப் பின்பக்கம் கிடந்த சாக்குகளில் கொட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வேலைக்குத் திரும்பினாள்.

"என்னம்மா மூட்டையில?" என்றான் நடத்துநர்.

"மண்ணு."

"ஏம்மா, அந்தப் பக்கம் மண்ணே கிடையாதா?"

"இந்த மண்ணு கிடையாது."

"அப்போ அதுக்கும் ஒரு சீட்டு கேக்கப்போறே!" என்று அவன் உரக்கச் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நாலு நாளில் பழகிவிட்டது. ஓட்டுநர் அவளைக் கண்டால், "அடேய், மண்ணு ஏறிடுச்சா, போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

நாத்தனாரிடம் அவள் எதற்கென்று சொல்லவில்லை. ஒண்டிக்கொள்ளப் போகிற வீட்டில், வருவதற்கு முன்னாலேயே முற்றத்தையும் கேட்பதற்கு நாக்கு எழவில்லை. வந்து, நாலு நாள் கூடமாட வேலை செய்து, பிறகு மெதுவாகக் கேட்கலாம் என்று இருந்தாள். நாத்தனாரும் கேட்கவில்லை. ஒரு காலையில் மட்டும், அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு கொட்டுவதைப் பார்த்து, "ஏன் அண்ணி இப்படிச் சாகறீங்க?" என்றாள்.

"இருக்கட்டும்மா. இது இருந்தாத்தான் நாங்க காலூன்ற முடியும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இருபத்தாறு நாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு, காலித் தொட்டிகளோடு, புருஷனை ஓரமாக உட்கார வைத்து ஒரு சின்ன வண்டியில் வந்து இறங்கினாள். பழைய மாடியில் ஒரு கைப்பிடி மண் பாக்கி வைக்கவில்லை.

நேரே பின்பக்கம் போனாள். சாக்குகள் இருந்த இடத்தில் சாக்குகள் இருந்தன. அலசி, காயவைத்து, நாலாக மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள்.

அறை வாசலில் மேஸ்திரி கரண்டியோடு நின்றான். கணுக்காலெல்லாம் சிமெண்டு. உள்ளே தரை ஈரமாகப் பளபளத்தது.

"உள்ள கால் வெச்சிடாதீங்கக்கா, பச்சையா இருக்கு. ராத்திரிக்கு முன்கட்டுல படுத்துக்கலாம். எப்படி இருக்கு? வெளியிலேருந்து ஒரு வண்டி மண்ணு அடிக்கலை. அடியில உடைஞ்ச கல்லு, மேல பூரா நீங்க சுமந்து வந்ததுதான். கொஞ்சம் மெதுமெதுன்னு இருந்துச்சு. நான் விடுவேனா? கட்டையால இடிச்சு இடிச்சு இறுக்கிட்டேன்."

நாத்தனார் கண் கலங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவர் தரைக்கு மண்ணு வாங்கணும்னு சொன்ன மறுநாளே தூக்கிட்டு வந்தீங்களே அண்ணி. வாய் திறந்து சொல்லலைன்னா எனக்குப் புரியாதா?"

பத்திரம் தரையைப் பார்த்தாள். "நல்லா இருக்கு தம்பி" என்றாள்.

மறுநாள் புருஷன் மெல்லக் கேட்டான். "சொல்லிடலாமேம்மா?"

"சொல்லி? இடிச்சு எடுத்துக் குடுங்கன்னு கேப்பீங்களா? ரெண்டு பேரும் நமக்காக இடுப்பொடிஞ்சு பண்ணியிருக்காங்க. கேட்டா அந்தப் புள்ள முகம் என்ன ஆகும்? கம்முனு இருங்க."

தொட்டிகளைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். முற்றத்துத் தரையில் ஓரிடத்தைக் கொத்திப் பார்த்தாள். கட்டட வேலை செய்கிறவன் வீடு. ஒரு சாண் ஆழத்துக்குச் சுண்ணாம்பும் ஜல்லியும்தான் வந்தது. தள்ளுவண்டிக்காரன் சாயங்காலம் கழித்துப் போடுகிற வாடின கீரையை வாங்க ஆரம்பித்தாள். நாத்தனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க அண்ணி தன் தரைக்குத் தானே மண்ணு சுமந்தவங்க" என்று பெருமை பேசினாள். கேட்டவர்கள் பத்திரத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிரித்து வைத்தாள்.

மழைக்காலம் வந்தது. கட்டிலின் ஒரு கால் இறங்கியது. பிறகு தரை நடுவில் குழிந்து, குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. முதுகு சரியில்லாத புருஷன் சரிவில் படுக்க முடியாமல் முனகினான். மேஸ்திரி குந்தி உட்கார்ந்து விரிசலுக்குள் ஓர் ஆணியை விட்டுக் கிளறினான். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்ததை விரலால் நசுக்கி முகர்ந்தான்.

"என்ன மண்ணுக்கா இது? பூரா மக்கு. இதைப் போட்டா எவன் தரையும் நிக்காது. நாலு பேர் பார்த்தா என் தொழிலைப் பார்த்துத்தானே சிரிப்பாங்க? அன்னைக்கே பார்த்துப் போட்டிருக்கணும், என் புத்தி."

"நல்ல மண்ணுதான் தம்பி" என்றாள் பத்திரம்.

"ஆமா, நல்ல மண்ணு!" என்று அவன் எழுந்துவிட்டான். பிறகு மனசு கேட்காமல், "சரி விடுங்கக்கா, உங்களுக்கு என்ன தெரியும் பாவம்" என்றான்.

கட்டிலை வெளியே எடுத்தார்கள். மேல்பூச்சை மட்டும் கொத்தி எடுத்துவிட்டு, அந்த மண்ணின் மேலேயே, குழிந்த பள்ளத்தில் ஜல்லியைக் கொட்டி, கம்பி பரப்பி, பழையதைவிடக் கனமாக இன்னொரு பூச்சுப் போட்டான். இது பெயராது, பேரன் காலத்துக்கும் நிற்கும் என்றான். அவளுக்குப் பிள்ளையே இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. கரண்டியைக் கழுவப் போய்விட்டான்.

வெடிப்பு விடாமலிருக்க ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையும் மாலையும் அவள்தான் குடத்தைத் தூக்கி வந்து ஊற்றினாள். "மூலையெல்லாம் நனையட்டும் அண்ணி" என்று நாத்தனார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். மூலையெல்லாம் நனைத்தாள். வராந்தாவில் படுத்திருந்த புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் கட்டிலை உள்ளே போட்டார்கள். ஆடவே இல்லை.