மூன்று சக்கரத்துக்கு ஒரு மாற்றுப் பாதை

இந்தச் சிங்கப்பூரில் ஆற்றில் தண்ணீர் ஏறினால் வேடிக்கை பார்க்க ஒருவரும் வருவதில்லை. வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். காலையில் பெய்த மழைக்குக் காலாங் ஆறு பழுப்பாகச் சுழித்துக்கொண்டு, கரையோரச் சைக்கிள் பாதையைத் தொட்டுக்கொண்டு ஓடும். சைக்கிளில் வருகிறவர் பிரேக் பிடிப்பார், வெள்ள எச்சரிக்கை மஞ்சள் விளக்கு மினுங்குவதைப் பார்ப்பார், கைப்பேசியில் வேறு வழி தேடுவார், திரும்பிப் போய்விடுவார். ஆற்றை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நான் மதுரைக்காரன். வைகையில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் செல்லூரில் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற ஜனம் நாங்கள். தரைப்பாலம் முழுகிவிட்டதா என்று பார்க்கக் கைக்குழந்தையோடு வருவார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோய், கடைசியில் அவரும் எங்களோடு நின்று பார்ப்பார்.

இங்கே விசில் ஊதாத அந்தப் போலீஸ்காரர் நான்தான். ஆற்றங்கரைச் சைக்கிள் பாதை ஒரு பெரிய சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையாக நுழைந்து மறுபக்கம் ஏறுகிறது. ஆண்டுக் கடைசியில் பருவமழை பிடித்துக்கொண்டால் அதற்குள் தண்ணீர் புகுந்துவிடும். கம்பிக் கதவைச் சாத்தி, மாற்று வழிப் பலகைகளை வைத்து, தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி, வழுக்காதபடி தேய்த்து, மறுபடி திறந்துவிடுவது என் வேலை. மேலதிகாரி சூ லிங் என்கிற சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். சேர்ந்த அன்றே முழுச் சட்டத்தையும் நாலு சொல்லில் சொல்லிவிட்டார். “குளோஸ் கேன். கட் கேன்னாட்.” மூடலாம், ஆனால் பாதை அறுந்துபோகக் கூடாது, இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் சேர வழி காட்டியே ஆகவேண்டும். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். “யெஸ் ஆர் நோ?” என்றார். மறுபடி ஆட்டினேன். பெருமூச்சு விட்டுவிட்டு, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வேலை கடினமில்லை. பேச ஆள் இல்லாததுதான் கடினம். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் எட்டுப் பேர் தங்கும் அறை. எட்டுப் பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். பக்கத்துக் கட்டில்காரரின் போர்வை எனக்குத் தெரியும், முகம் சரியாகத் தெரியாது. பகலில் ஆற்றங்கரையில் எத்தனையோ பேர் கடந்து போவார்கள், காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் திரும்பின பக்கமெல்லாம் தமிழ்தான். ஆனால் அது யாரோ யாருக்கோ பேசுகிற தமிழ். கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுகை வந்த நாட்கள் உண்டு. ஆண்பிள்ளை எழுதக் கூடாது என்பார்கள், எழுதிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை, மழைக்காலத்துக்கு முன்பு, மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று சுரங்கப்பாதைக்கு வந்தது. ஓட்டி வந்த அம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும், தலையில் முக்காடு. பின்னால் இருந்த அகலமான இருக்கையில் அவர் கணவர், ஒரு கை மடியில் செயலற்றுக் கிடக்க, உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, “பசியாறிட்டீங்களா தம்பி?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. மதுரையில் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். பசியைப் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். ‘ஏழைகள் பசியாற’ என்று சுவரொட்டியில் போடுகிற சொல் அது. எனக்கு அதில் ஒரு பழைய சூடும் உண்டு. அப்பா வேலை பார்த்த மில் மூடிக்கிடந்தபோது, நானும் அண்ணனும் அன்னதான வரிசையில் நின்றோம். பரிமாறியவர் என் வகுப்புப் பையனின் தந்தை. என் இலையில் இரண்டாவது கரண்டி சோற்றைத் தள்ளி, “நல்லாப் பசியாறு” என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பையனோடு நான் பேசவே இல்லை. இப்போது சேறு படிந்த பூட்ஸும் கையில் துடைப்பமுமாக நிற்கிறவனைப் பார்த்து இவரும் அதையே கேட்கிறார் என்று பட்டது. “நான் ஒண்ணும் பட்டினியா யாருகிட்டயும் வந்து நிக்கலைங்க” என்றேன். அவர் முகம் சுருங்கியது. மிதித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து என்னைக் கடக்கும்போது வெறுமனே தலையசைப்பதோடு சரி.

ஒரு மாதம் கழித்து, தேக்கா பக்கம் ஒரு கடையில் இட்டிலி தின்றுகொண்டிருந்தேன். கோட்டும் டையுமாக ஒருவர் உள்ளே வந்தார். கல்லாவில் இருந்த சிங்கப்பூர்க்காரப் பெண் எழுந்து, “வாங்க சார், இன்னும் பசியாறலையா?” என்றார். அவர் சிரித்தபடி, இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ஒட்டுகிற ‘லா’வோடு, “ஆபிஸ்ல மீட்டிங் லா, இப்பதான் பசியாற டைம் கெடச்சுச்சு” என்றார். என் கையில் இட்டிலி நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். காலை உணவுக்கு இந்த ஊர்த் தமிழில் அதுதான் சொல், யாரும் யாரையும் கேட்பது என்றார். அந்த அம்மா எனக்குக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறார். நான் அவரைச் சொல்லால் அடித்து அனுப்பியிருக்கிறேன். இந்த ஊரில் இரண்டு வருடத்தில் தமிழில் என்னை நலம் விசாரித்த ஒரே ஆள் அவர். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சைக்கிள் வரும்போது குனிந்து தரையைக் கூட்டுவேன்.

மழை வந்தது. வானம் விடாமல் ஊற்றியது, சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். கதவைச் சாத்திப் பலகைகளை வைத்தேன். அம்புக்குறி நடைமேம்பாலத்தைக் காட்டியது. படியோரம் சைக்கிள் சக்கரத்தை உருட்டிப் போக ஒரு சின்னப் பள்ளம் உண்டு. இரண்டு சக்கரம் ஏறும், மூன்று ஏறாது. எட்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள், கணவருக்கு மேல் பிளாஸ்டிக் அங்கி. அந்த அம்மா அம்புக்குறியைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. நான் அன்று அவர் வாயை அடைத்துவிட்டேனே, எப்படிக் கேட்பார்? இறங்கி, கனத்த சைக்கிளை மழையில் தனியாகத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார். நான் நாலு எட்டில் போய்ப் பிடித்திருக்கலாம். நேராக நின்ற பலகையை மறுபடி நேராக்கினேன்.

அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பகல்நேரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கரையிலிருந்தே பெயர்ப்பலகை தெரியும். முதலில் தூக்கித்தான் அவரை இறக்குவார்கள். இப்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே நாலடி வைக்கிறார், மேம்பாலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மழை ஒரு வாரம் நீடித்தால் அந்த நாலடி என்ன ஆகும்? சூ லிங்குக்குப் போன் செய்தேன். மேம்பாலத்துக்கு முன்னால் ஒரு புல்சரிவு இருக்கிறது, ஏறினால் நடைபாதை, கொஞ்ச தூரத்தில் சாலையைக் கடக்கச் சிக்னல். மண் ஊறிச் சக்கரம் புதைகிறது, பலகை போட்டால் ஏறலாம் என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். “ஹவ் மெனி பீப்பிள்?” என்று கேட்டார். “ஒன் சைக்கிள்.” “ஒன் ஒன்லி ஆ?” எனக்குக் கோபம் வந்தது. “மேடம், யூ ஸே, கட் கேன்னாட்” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மத்தியானம் லாரியில் ஒட்டுப்பலகைகளும் ரப்பர் விரிப்பும் வந்தன, கூடவே மழைக்கோட்டில் சூ லிங்கும். இரண்டு பேரும் முழங்கால் சேறோடு பலகைகளை அடித்து இறக்கினோம். என்னைப் பார்த்து, “ஓகே ஆ?” என்றார். தலையை ஆட்டினேன். இந்தத் தடவை அர்த்தம் கேட்கவில்லை.

மறுநாள் எட்டு மணி ஆகியும் அவர்கள் வரவில்லை. முந்தைய நாள் திரும்பிப் போனவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? தண்ணீர் இன்னும் வடியவில்லை என்பது தூரத்திலேயே தெரிகிறது. குடையை எடுத்துக்கொண்டு, அவர்கள் வருகிற அடுக்குமாடிகளின் பக்கம் நடந்தேன். கீழ்த்தளத்தில் சைக்கிளும் கணவரும் தயாராக இருக்க, அந்த அம்மா கம்பியைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். போய் நின்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் மறந்துவிட்டது.

“பசியாறிட்டீங்களா அக்கா?” என்றேன்.

“கேக்க இவ்ளோ நாளாச்சா தம்பி உங்களுக்கு?”

“எங்க ஊர்ல அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம்க்கா. தப்பா எடுத்துக்கிட்டேன்.”

“என்ன அர்த்தம்?”

சொன்னேன், அன்னதான வரிசை உட்பட. ஊரிலிருக்கும் என் மனைவி செல்வியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. “அல்லா, அப்படியா” என்று மெதுவாகச் சொல்லி என் கையிலிருந்த குடையை வாங்கிக் கணவருக்குப் பிடித்தார். அந்த அம்மாவின் பெயர் ஜொஹரா. பலகைச் சரிவில் நான் பின்னாலிருந்து தள்ள, அவர் முன்னால் பிடித்துக்கொள்ள, மூன்று சக்கரமும் ஏறின. பாதி வழியில் பின் இருக்கையிலிருந்து, “மெதுவா லா” என்று ஒரு குரல் குழறிக்கொண்டு வந்தது. ஜொஹரா அக்கா நின்று திரும்பிப் பார்த்தார். பக்கவாதம் வந்த இந்த மூன்று மாதத்தில் கணவர் யாரையும் அதட்டியது அதுதான் முதல் தடவையாம். அக்கா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நாலு நாள் அப்படித் தள்ளினேன். நாலு நாளும் பேச்சு: அக்கா ஆறு வருடம் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்த்தது, நான் மகளை வீடியோவிலேயே வளர்ப்பது. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. சேற்றைக் கழுவினேன், கதவைத் திறந்தேன். மூன்று சக்கரம் சுரங்கப்பாதைக்குள் நேராக இறங்கியது. அக்கா கையசைத்துவிட்டு நிற்காமல் போனார். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே, ஏன் நிற்பார்? என் வேலை சரியாக நடந்தால் என்னிடம் நிற்க யாருக்கும் அவசியமில்லை. இன்னொரு மழை வரட்டும் என்று நினைத்துவிட்டு என்னையே கடிந்துகொண்டேன்.

அன்று இடைவேளையில் வீட்டுக்குப் போன் போட்டேன். செல்வி எடுத்ததும், “என்ன, பசியாறிட்டியா?” என்று வாயில் வந்துவிட்டது.

“நீங்க அனுப்புறதுல நாங்க வயிறாரத்தான் சாப்பிடுறோம். ஏன், சோத்துக்கு வழியில்லாதவளக் கேக்குற மாதிரி கேக்குறீங்க?” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“ஐயோ, அப்படி இல்ல செல்வி. இங்க நாங்க இப்படித்தான் கேப்போம்.”

போனில் பின்னால் எங்கள் தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“நாங்கன்னா யாருங்க?” என்றாள்.

நாம் என்று சொல்லியிருக்க வேண்டிய மனுஷியிடம் நாங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த நாங்கள் யாரென்று எனக்கும் தெரியவில்லை.